கவாத்து வேறு, கல்மழை வேறு

தியான வேதபகுதி: லூக்கா 13:1–5, யோவான் 15:1–8, கலாத்தியர் 6:2–5



இந்த வாரத் தியானம் ஒரு வழக்காகவே அமையும். துக்க வீடுகளில் நாம் பேசிப் பழகிவிட்ட ஒரு பேச்சுக்கு எதிராக, வேதத்தையே சாட்சியாக நிறுத்தி, இந்த வழக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

அந்தப் பேச்சை நீங்கள் அனைவரும் கேட்டிருக்கிறீர்கள். பெட்டி இன்னும் மூடப்பட்டிருக்காது. பெற்ற தாய் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள். அதற்குள் ஒருவர் எழுந்து, நடந்தது ஏன் நடந்தது என்று விளக்கத் தொடங்கிவிடுவார். ஆண்டவர் உங்களைக் கவாத்து செய்கிறார் என்பார். குடும்ப ஜெபம் எங்கேயோ குறைந்திருக்கிறது என்பார் இன்னொருவர். இதைவிடப் பெரிய நன்மைக்காகவே இது நேர்ந்தது, பொறுத்திருந்து பாருங்கள் என்பார் மூன்றாமவர். மூவரும் நல்லவர்கள், மூவரும் அன்பினாலேயே பேசுகிறார்கள். ஆயினும் மூவர் சொல்வதன் சாரமும் ஒன்றே: உன் வேதனைக்கு ஓர் அர்த்தம் உண்டு, அது என்னவென்று எனக்குத் தெரியும்.

தெரியாது என்கிறேன் நான். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் ஆண்டவருடைய பெயரால் அறிவிப்பது ஆறுதல் ஆகாது. பத்துக் கற்பனைகளில் தேவநாமத்தைக் காக்கும்படி ஒரு கற்பனை உண்டே, அதை மீறுவதாகும் அது. பொய் ஆணையிடுகிறவன் மட்டுமே தேவநாமத்தை வீணாக எடுத்தாளுகிறான் என்று எண்ணாதிருங்கள். தேவன் பேசாத ஒன்றுக்கு அவருடைய கையொப்பத்தை இடுகிறவனும் அதையே செய்கிறான்.

கவாத்து என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றி நமக்கு ஒருவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓடைப்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தலின் கீழ் வளர்ந்தவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வழியாகத் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, கம்பம் பள்ளத்தாக்கின் மண்ணில் நிலைத்து, 2023-இல் நம் ஊர்ப் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றது. அந்தக் கொடியைக் கவாத்து செய்கிற விவசாயி என்ன செய்கிறார்? கொடியின் வயதை அறிந்திருக்கிறார். எத்தனை கணு விட்டு வெட்டுவது என்று எண்ணுகிறார். கத்தி கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்கிறார். வெட்டிய நாளிலிருந்து அறுவடை நாள் வரைக்கும் அந்தக் கொடிக்குத் தாமே பொறுப்பு என்று அறிந்திருக்கிறார்.

அதே தோட்டத்தில் ஒரு கோடைமழை நாளில் ஆலங்கட்டி விழுகிறது. அரை மணி நேரத்தில் இலை கிழிகிறது, குலை சிதறுகிறது, தளிர் முறிகிறது. கவாத்தும் கொடியைக் காயப்படுத்துகிறது, கல்மழையும் காயப்படுத்துகிறது. அதனால் இரண்டும் ஒன்றே என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? வரப்பில் நின்று சிதறிய குலைகளைப் பார்க்கிறவரிடம் போய், இது நல்ல கவாத்து ஐயா, அடுத்த போகம் நன்றாக வரும் என்று நாம் சொன்னால், அவர் நம்மைப் பைத்தியக்காரர் என்பார், அது நியாயமே. ஆனால் அதே விவசாயியின் மகன் இறந்த வீட்டில் நாம் சொல்வது அதைத்தானே?

யோவான் 15-இல் ஆண்டவர் திராட்சச்செடியின் உவமையைச் சொன்னபோது, தம்மில் நிலைத்திருந்து கனி கொடுக்கிற கொடியைப் பிதா சுத்தம்பண்ணுவதைக் குறித்துப் பேசினார். கொடியில் காணப்படுகிற காயம் ஒவ்வொன்றும் பிதாவின் கத்தி பட்டதே என்று அவர் போதிக்கவில்லை. அதை நாம் சேர்த்துக்கொண்டோம். எகிப்தின்மேல் கல்மழையை அனுப்பியவர் தேவன் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். மெய்தான். யாத்திராகமம் 9-ஐ முழுவதும் வாசியுங்கள். அங்கே தேவன் தாமே முன்னறிவிக்கிறார்; தாமே காரணம் சொல்கிறார்; வெளியில் இருக்கிற மனிதரையும் மிருகங்களையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும்படி எதிரிகளுக்கும் எச்சரிக்கை கொடுக்கிறார். தேவன் விளக்கிய இடத்தில் நாம் விளக்கலாம். அவர் மௌனமாயிருக்கிற இடத்தில், அவருடைய மௌனத்துக்கு உரை எழுத நமக்கு அதிகாரம் இல்லை.

பேரிடரைக் குறித்து ஆண்டவரிடம் நேரடியாகவே ஒருமுறை கேட்கப்பட்டது. லூக்கா 13-இல், பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டிப்போட்ட செய்தியோடு சிலர் வருகிறார்கள். ஆண்டவர் அதனோடு நிறுத்தாமல், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதையும் தாமாகவே எடுத்துச் சொல்கிறார். ஒன்று தேசாதிபதியின் கொடுமை. மற்றது இடிந்து விழுந்த கட்டடம். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இருமுறை மறுக்கிறார். பிறகு மரித்தவர்களை விட்டுவிட்டு உயிரோடிருக்கிறவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். பேரிடரின் முன் அவர் திருப்பிய விரல், அன்றைக்குச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கியது. நாமோ அந்த விரலைப் பிடித்துப் பிணத்தை நோக்கித் திருப்புகிறோம்.

நம் மாவட்டத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2018 மார்ச் 11, லெந்து காலத்து நான்காம் ஞாயிறு. போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் அவர்கள். இளையவர்களும் பெண்களும் மிகுதி. அன்று தீயிலும், பின்னர் மருத்துவமனைப் படுக்கைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அந்த வாரத்தில் இரண்டு விதமான 'ஏன்' கேட்கப்பட்டது. ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு அந்த மலையில் என்ன வேலை, ஞாயிற்றுக்கிழமையில் ஏன் ஊர் சுற்ற வேண்டும் என்கிற 'ஏன்'. அது சீலோவாம் கோபுரத்தடியில் பாவக்கணக்குப் பார்த்தவர்களின் கேள்வி. மற்றொன்று, மார்ச் மாதத்துக் காய்ந்த புல்வெளியில் தீ அபாயம் தெரிந்திருந்தும் மலையேற்றம் எப்படி நடந்தது, அனுமதி எந்தப் பாதைக்கு இருந்தது, எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்கிற 'ஏன்'. அதற்கு விடை காண அரசு அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடத்தியது. முதல் கேள்வி பக்தியின் மொழியில் பேசுகிறது. ஆனால் அதில் இரக்கம் இல்லை. இரண்டாவது கேள்வி அலுவலக மொழியில் பேசுகிறது. ஆனால் இனி ஓர் உயிர் போகக்கூடாது என்கிற கவலை அதில் இருக்கிறது. எது தேவனுக்கு அருகில் இருக்கிற கேள்வி என்று நீங்களே நிதானியுங்கள்.

அந்த மாலையில் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் மலையேறியவர்களும் இருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் வருமுன்னே குரங்கணி, கொட்டகுடிப் பகுதி மக்கள் இருட்டில், புகையில், செங்குத்தான சரிவில் ஏறிச் சென்று, எரிந்த உடல்களோடு தவித்தவர்களைத் தேடிக் கண்டு சுமந்து இறக்கினார்கள். யாருடைய பிள்ளைகள், எந்த ஊர், என்ன மதம் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. பிறவிக்குருடனைக் கண்டபோது, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் ஆண்டவரிடம் கேட்டார்கள். அவரோ பகற்காலம் இருக்கும்போதே செய்யவேண்டிய கிரியையைக் குறித்துப் பேசி, தரையில் குனிந்து சேறு உண்டாக்கினார். யோவான் 9-ஆம் அதிகாரத்தைக் குரங்கணி மக்கள் இருட்டிலும் நடத்திக் காட்டினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். துக்கப்படுகிறவர்களே, எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்களே, அந்த ஆறுதலையும் பிடுங்கிக்கொள்ளலாமா? பிடுங்கக்கூடாது. ஆனால் அந்தச் சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கொடுத்தவரும் எடுத்தவரும் கர்த்தரே என்கிற பொருளில் யோபு பேசியது தன் பிள்ளைகளைக் குறித்து, தன் சாம்பலில் நின்று. அதை அவனுக்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. இழந்தவர் தாமே சொல்லும்போது அது விசுவாச அறிக்கை. இழக்காதவர் இழந்தவரைப் பார்த்துச் சொல்லும்போது அது தீர்ப்பு. சொல் ஒன்றுதான், வாய் மாறினால் அதன் தன்மையே மாறிவிடுகிறது.

யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்தவற்றிலேயே சிறந்தது அதுதான். வாய் திறந்த பிறகு அவர்கள் பேசியதெல்லாம் தேவனுக்காக வாதாடிய பேச்சு. இலக்கணம் வழுவாத இறையியல். ஆனால் புத்தகத்தின் முடிவில் தேவன் கோபித்துக்கொண்டது யார்மேல்? புலம்பினவன்மேல் அல்ல, வழக்காடினவன்மேல் அல்ல. தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல். அவர்களுக்காக யோபுவே விண்ணப்பம்பண்ண வேண்டியதாயிற்று. போதகர்களாகிய நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த 42-ஆம் அதிகாரத்தை நடுக்கத்தோடு வாசிக்க வேண்டும்.

அப்படியானால் பாடுகளைத் தாங்கும் பெலன் எங்கிருந்து வருகிறது? தமிழில் 'தாங்கு' என்கிற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். 'தாங்கிக்கொள்' என்றால், உன் பாரத்தை நீயே பொறுத்துக்கொள் என்று பொருள். 'தாங்கு' என்று மட்டும் சொன்னால், விழப்போகிற ஒருவரைக் கைகொடுத்துப் பிடி என்று பொருள். முதற்சொல் துன்பப்படுகிறவரை நோக்கிச் சொல்லப்படுவது. இரண்டாவது அருகில் நிற்கிறவரை நோக்கிச் சொல்லப்படுவது. நம்முடைய பிரசங்கங்களில் முதற்சொல் ஏராளமாய் ஒலிக்கிறது. இரண்டாவது அரிதாய் ஒலிக்கிறது. இதுவே என் குற்றச்சாட்டின் சாரம்.

சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தோட்டங்களைப் பாருங்கள். தார் இறங்கியபின், காற்றுக் காலம் நெருங்கும்போது, எந்த விவசாயியும் வாழையிடம் பொறுமையைக் குறித்துப் பேசுவதில்லை. கம்பு வெட்டி வந்து முட்டுக் கொடுக்கிறார். நல்ல வேர், நல்ல மரம், நல்ல தார். ஆனாலும் முட்டு வேண்டும். தார் பெரிதாகப் பெரிதாக முட்டின் தேவையும் பெரிதாகிறது. முட்டு இல்லாததால் சாய்ந்த மரத்தைப் பார்த்து, அதற்கு வேர்ப்பிடிப்பு இல்லை, விசுவாசம் இல்லை என்று சொல்வது எத்தனை அநியாயம்!

பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறார். மூன்று வசனம் தாண்டி, அவனவன் தன் சுமையைச் சுமப்பான் என்கிற கருத்தையும் சொல்கிறார். முரண்பாடு போலத் தோன்றும். மூலமொழியில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள். முதலாவது 'பாரோஸ்', ஆளை நசுக்கும் பாரம். இரண்டாவது 'ஃபோர்டியோன்', ஒவ்வொருவரும் தமக்குரியதாய்த் தூக்கிச் செல்லும் மூட்டை. அன்றாட மூட்டையை அவரவர் தூக்கலாம். நசுக்கும் பாரத்தைத் தனியே தூக்கச் சொல்ல அப்போஸ்தலனுக்கே மனம் வரவில்லை. தான் ஆசியாவில் பட்ட உபத்திரவத்தைக் குறித்து 2 கொரிந்தியரில் எழுதும்போது, உயிர்பிழைப்போம் என்கிற நம்பிக்கையே போய்விட்டது என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். அதே நிருபத்தில், சோர்ந்திருந்த தனக்குத் தேவன் கொடுத்த ஆறுதல் எது என்றும் சொல்கிறார்: தீத்து வந்து சேர்ந்தான். ஆறுதல் ஒரு விளக்கமாக வரவில்லை. பயணக் களைப்போடு ஒரு மனிதனாக வந்தது.

இன்னும் மேலே போவோம். கெத்செமனேயில் நம் ஆண்டவர் மூன்று சீஷரை அழைத்து, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கியது அவரை வருத்தியது. கொல்கொதாவின் வழியில் சிரேனே ஊரானாகிய சீமோன்மேல் சிலுவை வைக்கப்பட்டது. உலகத்தின் பாவத்தைச் சுமந்தவருடைய மரத்தைத் தூக்கவே இன்னொரு தோள் தேவைப்பட்டது. தேவகுமாரனே தனியே சுமக்காத பாதையில், கணவனை இழந்த ஒரு பெண்ணைத் தனியே சுமக்கச் சொல்லி, அதற்குச் சகிப்பு என்று பெயரிட நாம் யார்?

சகிப்பைப் புகழ்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விடியுமுன்னே எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டும் குமுளியும் போடிமெட்டும் கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேர் போவதை நாம் அறிவோம். அவர்களைக் குறித்து, எதையும் தாங்குகிற பெண்கள் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் புகழ்ச்சி அவர்களுக்கு என்ன செய்தது? வண்டியில் ஓர் இடம் அதிகமாயிற்றா? கூலி உயர்ந்ததா? தாங்குகிறார்கள் என்று புகழப் புகழ, இன்னும் ஏற்றலாம் என்கிற துணிவே ஏற்றுகிறவருக்கு உண்டாகிறது.

நம் மலைக்கு அப்பால், மூணாறை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு நடந்ததை மறந்துவிடாதிருங்கள். மண்சரிவு லயன் வீடுகளை மூடி, எழுபது பேர் மாண்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறு. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. பாலம் பழுதுபட்டிருந்ததால் மீட்பும் தாமதமாயிற்று. மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு 5 லட்சம் ரூபாயும், விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும் அறிவித்தபோது, வேறுபாடு ஏன் என்கிற கேள்வி எழுந்தது. மழை யாரையும் கேட்டுப் பெய்யவில்லை. ஆனால் சரிவின் கீழே அந்த லயன்கள் இருந்ததும், செய்தி வெளியேற வழியில்லாததும் மழையின் செயல் அல்ல. அவை மனிதர் செய்த ஏற்பாடுகள். அதற்கெல்லாம் தேவசித்தம் என்று பெயரிட்டால், ஏற்பாடு செய்தவர்கள் அனைவரும் தேவனுடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

இது அரசியல், பிரசங்கம் அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். யோபுவின் பொறுமையைப் புதிய ஏற்பாட்டில் பெயர் சொல்லிப் புகழ்வது யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரம். அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்னே, வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதும், அந்தக் குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டினதும் எழுதப்பட்டிருக்கிறது. யாக்கோபு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். முதற்பாதியைக் கத்தரித்து எறிந்துவிட்டுப் பிற்பாதியை மட்டும் தொழிலாளிக்கு வாசிக்கிறவர்தாம் வேதத்தில் அரசியல் செய்கிறவர்.

வேதத்துக்கு வெளியேயும் ஒரு சாட்சி சொல்வேன். வியன்னா நகரத்து யூத மருத்துவர் விக்டர் பிராங்க்ல், அவுஷ்விட்ஸ் உள்ளிட்ட நாசி முகாம்களில் அடைபட்டுப் பிழைத்தவர். பாடுகளில் அர்த்தம் காண முடியும் என்று 1946-இல் அவர் எழுதிய நூலை இன்று பல பிரசங்கிகள் எடுத்தாளுகிறார்கள். அவர் வைத்த நிபந்தனையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். தவிர்க்கக்கூடிய துன்பம் என்றால், அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள செயல். நீக்காமல் சும்மா பொறுப்பதில் வீரம் இல்லை என்பது அவர் கருத்து. முகாமில் இருந்தவருக்கே தெரிந்த இந்த வேறுபாடு, மின்விசிறியின் கீழ் நிற்கிற பிரசங்கிக்குத் தெரியாமல் போகலாமா?

உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று ரோமர் 5-இல் போதிக்கப்படவில்லையா என்பீர்கள். போதிக்கப்பட்டிருக்கிறது, நான் அதை விசுவாசிக்கிறேன். அங்கே பொறுமை என்று வருகிற 'ஹுபொமொனே' என்னும் சொல், பாரத்தின் கீழும் விட்டோடாமல் நிலைத்து நிற்பதைக் குறிக்கும். அடிபட்டவரும் சிறைப்பட்டவரும் கப்பற்சேதத்தில் சிக்கியவருமான பவுல், 'நாம்' என்று தன்னையும் சேர்த்து எழுதுகிறார். மற்றவனுடைய உபத்திரவத்தைக் குறித்து மேன்மைபாராட்ட அவர் ஒருவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. யோசேப்பும் அப்படியே. தீமையைத் தேவன் நன்மையாக மாற்றினார் என்று அவன் சகோதரரிடம் சொன்னது, பல வருஷங்கள் கழித்து, தன் வாயால், கண்ணீரோடு. அப்போதும், அவர்கள் நினைத்தது தீமையே என்று சொல்லத் தவறவில்லை. குழியில் கிடந்த பையனிடம் போய், நீ எகிப்துக்கு அதிபதியாவாய், ஆகையால் அழாதே என்று எந்தத் தேவதூதனும் சொல்லவில்லை.

நாம் குடிக்கிற தண்ணீரும் இதைப் போதிக்கிறது. முல்லைப் பெரியாற்றின் அணை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. கட்டுமானத்தை வெள்ளம் அடித்துச் சென்றும், பென்னிகுவிக்கின் குழுவினர் மீண்டும் கட்டினார்கள். காட்டுக் காய்ச்சலிலும் கொள்ளைநோயிலும் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அணைக்கு அருகிலேயே அவர்களுடைய கல்லறைகள் உண்டு. ஒவ்வொரு ஜனவரி 15 அன்றும் பென்னிகுவிக் பிறந்தநாளில் பொங்கல் வைக்கும் பள்ளத்தாக்கு, அந்தக் கூலியாட்களில் ஒருவர் பெயரையாவது அறியுமா? தண்ணீர் இனிக்கிறது என்பதால் அந்தக் காய்ச்சல் நல்லதாகிவிடாது. நூறு ஆண்டுகளுக்குமேல் ஓடிய பின்னும் அந்த மரணங்கள் மரணங்களே. ஆனால் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாம், இன்று மலையேறி வேலைக்குப் போகிறவர் உயிரைப் பேணினால், மறந்துபோன அந்தக் கல்லறைகளுக்கு ஒரு பதில் சொன்னவர்களாவோம். துன்பத்துக்குள் அர்த்தம் முன்பே புதைத்து வைக்கப்பட்டிருக்கிறது, தோண்டினால் கிடைக்கும் என்று எண்ணாதிருங்கள். துன்பத்துக்கு எதிரே கிருபையினால் நாம் செய்கிற செயலில் அது பிறக்கிறது. சிலுவையில் மனிதர் செய்தது கொலை. மூன்றாம் நாளில் தேவன் செய்தது அதற்கான பதில். உயிர்த்தெழுதல் சிலுவையை நல்லதாக்கிக் காட்டவில்லை, அதைத் தோற்கடித்தது.

ஆகையால் நம் சபைக்கு இனி ஓர் ஒழுங்கை முன்வைக்கிறேன். துக்க வீட்டில் முதல் ஏழு நாட்கள் ஒருவரும் காரணம் சொல்லவேண்டாம், நானும் சொல்லமாட்டேன். சங்கீதங்களை வாசிப்போம், இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தையும் ஒதுக்காமல் வாசிப்போம். அழுகிறவர்களை அழ விடுவோம். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தவரே அவன் கல்லறையண்டையில் அழுதாரே. பெண்கள் ஐக்கியத்தார் முறைவைத்துச் சமைத்துக் கொடுக்கட்டும். வாலிபர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவரட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இறப்புச் சான்றிதழுக்கும் விதவை உதவித்தொகைக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் மனு எழுதி, அலுவலகங்களுக்கு உடன் போகட்டும். க.விலக்கு மருத்துவமனையில் கிடப்பவர்களுக்குத் துணையிருக்க இரவு முறை ஒன்று வகுப்போம். பதினாறாம் நாளோடு நம் கால்கள் நின்றுவிடாமல், முதல் கிறிஸ்துமஸ் நாளிலும், முதல் நினைவுநாளிலும், பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்திலும் அந்த வீட்டு வாசலில் நிற்போம்.

ஜீப் உரிமையாளர்களும் தோட்டக் கங்காணிகளும் நம் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்போடு ஒரு சொல்: உங்கள் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு சகோதரிக்காகவும் கர்த்தர் உங்களிடம் கணக்குக் கேட்பார். காலை ஜெபத்தைவிடக் காலையில் நீங்கள் ஏற்றுகிற ஆட்களின் எண்ணிக்கை உங்கள் விசுவாசத்தைத் தெளிவாக அறிவிக்கிறது.

துக்கத்தில் இருக்கிற அன்பானவர்களே, கடைசியாக உங்களிடம் பேசுகிறேன். உங்கள் இழப்புக்கு நீங்கள் காரணம் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. நீங்கள் உறுதியாகத் தோன்றவேண்டிய கட்டாயம் இல்லை. ஏன் என்று ஆண்டவரிடமே கேளுங்கள். சிலுவையில் தொங்கினவரும் பிதாவிடம் அதையே கேட்டார். சாய்ந்துவிடுவோமோ என்று தோன்றினால் சொல்லுங்கள். கம்போடு வரவேண்டியது எங்கள் கடமை.

ஜெபம்: பாடுகளை அறிந்த ஆண்டவரே, அறியாதவற்றைப் பேசாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். சீமோனைப்போல எங்கள் தோள்களை நீர் எடுத்துக்கொள்ளும். தனியே சுமக்கிறவர்கள் எங்கள் நடுவில் ஒருவரும் இல்லாதபடி செய்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்